கைதட்டல் இல்லாத இசைத்தட்டு

ஜூன் 4, ஞாயிறு

பக்தவத்சலம் சார் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். கோடு போட்ட நோட்டு, அட்டையில் உலகப் படம். வருடக் கடைசியில் ‘பிடித்த லைவ் ஆல்பம் பத்து’ என்று, ஜனங்கள் முன்னால் வாசித்துப் பதிந்த தட்டுகளுக்கு ஒரு பட்டியல் போடுவது எங்கள் இசைத்தட்டுக் கூட்டத்தின் வழக்கம். போன வருடம் அது சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பாட்டுப் பிரியர்கள் பாடகரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். நாங்கள், அதாவது அடியில் முழங்குகிற பேஸ் கிதாரை வாசிக்கிறவர்கள், பேஸைப் பார்த்துப் போடுகிறோம். இரண்டு பட்டியலிலும் பொதுவாக ஒரு தட்டுகூட இல்லை. அதனால் இந்த வருடம் கேட்கும்போதே தேதி போட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்று சார் உத்தரவு. இசையைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாதாம். நோட்டு அவருடையது, பேனா என்னுடையது. நான் எழுதுவேன்.

யாராவது பிற்பாடு படித்தால் தெரியட்டும்: என் பெயர் எமர்சன். வயது ஐம்பத்தொன்று. பகலில் அயனாவரத்தில் ஒரு லேபில் பல் செட் செய்கிறேன். இருபத்தாறு வருடமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததில் இடது காது சுத்தமாகப் போயிற்று. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பேஸ் கேட்க ஒரு காது தாராளம்.

ஜூன் 6, செவ்வாய்

லேபில் புது மோட்டார் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. பல் செட்டைத் தேய்க்கிற ஹேண்ட்பீஸ் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. ஓடுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து நகத்தைக் கீறிக்கொண்டேன். “நல்ல மோட்டாருங்க” என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். நானும் தலையாட்டினேன்.

என் மனைவி பியூலாவுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். ஐந்தாம் வகுப்பு டீச்சர், இந்த மாதம் முழுக்க நோட்டுக்கு அட்டை போடுகிற வேலை. சாப்பிடும்போது வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இரண்டு தடவை கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

ஜூன் 8, வியாழன்

ஓர் உண்மையை எழுதிவைக்க வேண்டும். இரண்டு வருடமாக எனக்குப் பேஸ் இதுவரை கேட்டிராத அளவு தெளிவாகக் கேட்கிறது. முப்பது வருடமாகக் கேட்ட தட்டுகளை எல்லாம் திரும்ப எடுத்துப் போடுகிறேன். பாடகர் எங்கேயோ பின்னால் போய்விடுகிறார், கிதார் கரைந்துவிடுகிறது, டிரம்மில் கால் மத்தளம் மட்டும் நிற்கிறது. நடுவில் பேஸ், துணி இல்லாமல் நிற்கிற உடம்பு மாதிரி. ஒரு சுரத்தை எங்கே தொடங்குகிறார்கள் என்பதைத்தான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே விடுகிறார்கள் என்பதல்லவா விஷயம்! பாடகர் மூச்சு எடுக்க இடம் கொடுத்து, மயிரிழை முன்னால் கையை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாடகருக்கே அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிகிறது. சாமி கும்பிடத் தோன்றுகிறது.

வயது ஏற ஏறக் காது தேறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

கூட்டம். பெரம்பூரில் பக்தவத்சலம் சார் வீட்டு மாடி, காலை பத்து மணி. பதினொரு பேர் வந்திருந்தோம். விதி எப்போதும் போல: தட்டின் ஒரு பக்கம் ஓடி முடிகிற வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரே ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். கதாகாலட்சேபம் கூடாது.

இன்று தட்டு கொண்டுவந்தது யூசுஃப். அவனும் பேஸ்தான், சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவன், என்னைவிட நல்ல கை, இதை அவனிடம் சொல்ல மாட்டேன். ‘கிடங்கு எண் ஏழு’ என்று ஒரு தட்டு. ஓபல் சிக்ஸ் என்கிற குழு, எழுபத்தாறில் ஏதோ ஒரு துறைமுகத்துச் சரக்குக் கிடங்கில் வாசித்தது. பேஸ் வாசித்தவள் டெல்ஃபின் ராஸ் என்கிற பெண். பெயரே கேள்விப்பட்டதில்லை.

கேட்டேன். மூன்றாவது பாட்டில் நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். ஒரே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிறாள், ஒவ்வொரு சுற்றும் வேறு. திடீரென்று இரண்டு சுற்று முழுக்க நிறுத்திவிட்டாள். ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு மௌனத்தை நான் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. பிறகு அடியிலிருந்து ஒற்றைச் சுரம், நெஞ்செலும்பில் வந்து விழுந்தது.

யூசுஃப் தன் இடத்தைச் சொன்னான்: “மூணாவது பாட்டுல அந்தம்மா நிறுத்துற இடம்.” எல்லோருக்கும் அதே இடம். பாட்டுப் பிரியர்களும் பேஸ்காரர்களும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. என் முறை வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன்.

“பிரமாதம். ஆனா இது லைவ் ஆல்பம் இல்ல. நம்ம பட்டியல்ல சேக்க முடியாது. ஸ்டூடியோவுல வாசிச்சுட்டு லைவ்னு போட்டு ஏமாத்திருக்கான்.”

“எப்படிச் சொல்றீங்கண்ணே?” என்றான் யூசுஃப்.

“ஒரு கைதட்டல் இருக்கா? முழுப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு காட்டு, பாப்போம்.”

சிரித்தார்கள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பக்தவத்சலம் சார் எழுந்து போய் ஊசியை எடுத்து மூன்றாவது பாட்டின் முடிவில் வைத்தார். தட்டு சுற்றியது. எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்கள்.

“இப்ப?” என்றார் சார்.

“இப்ப என்ன? சும்மா ஓடுது” என்றேன்.

யாரும் வாதாடவில்லை. எங்கள் கூட்டத்தில் யாரும் வாதாடாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 12, திங்கள்

நேற்று தட்டை யூசுஃப் என்னிடமே விட்டுவிட்டுப் போனான். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான், பேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். என் அம்மா போய்ப் பத்து வருடம் ஆகிறது. பியூலாவுடைய அம்மாவைக் கேட்டானோ என்னவோ.

அட்டையின் பின்பக்கம் ஒரு புகைப்படம். கிடங்கு நிறைய ஜனம். அறுநூறு பேராவது இருப்பார்கள். கைகளை எல்லாம் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 17, சனி

யூசுஃப் பியூலாவுக்குப் போன் செய்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கடத்திக்கொண்டு போய் காது ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்தார்கள். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். ஆரம்பத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மெஷினை இயக்குகிற பெண் பட்டன் மேல் பட்டன் தட்டிக்கொண்டிருந்தாள். பியூலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஜூன் 24, சனி

காது டாக்டர் விலாசினி நல்ல பெண்மணி. பேசியதை எல்லாம் காகிதத்தில் எழுதியும் காட்டினார். என் வலது காதின் வரைபடம் தொடக்கத்தில் மாடி மாதிரி சமமாகப் போய், நடுவில் சறுக்குமரம் மாதிரி விழுகிறது. கீழ்ச்சத்தம் எல்லாம் இருபது வயதுப் பையன் காது. மேல்ச்சத்தம் அறவே இல்லை. லேபில் இத்தனை வருடம் காதுக்குப் பக்கத்தில் சுற்றிய ஹேண்ட்பீஸ், மேடையில் பக்கத்திலேயே அடித்த சிம்பல், எது காரணம் என்று சொல்ல முடியாதாம்.

“பேச்சுல உயிரெழுத்து உங்களுக்கு வரும். க, ச, த, ப எதுவும் வராது. மீதிய நீங்களா ஊகிச்சுக்கிறீங்க. நூறு வார்த்தைல பன்னெண்டுதான் பிடிச்சீங்க” என்றார்.

கைதட்டல், மணி, பறவை, விசில் எல்லாம் அந்தச் சறுக்குமரத்தின் கீழே கிடக்கின்றன. லேப் மோட்டாரும்.

சாதாரண மெஷின் உதவாதாம். இல்லாததைப் பெரிதாக்க முடியாது. ஆபரேஷன் செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கலாம். உள்ளே கம்பி, வெளியே காதுக்குப் பின்னால் ஒரு கருவி. நாற்பத்து நாலு வருடமாகச் செத்துக் கிடக்கிற இடது காதில் வைத்துப் பயனில்லையாம், வலதில்தான் வைக்க வேண்டும். பழகிவிட்டால் பேச்சு நன்றாகப் புரியும். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அடுத்த வரியை எழுதினார். கம்பியை உள்ளே விடும்போது இப்போது நன்றாக இருக்கிற கீழ்ச்சத்தம் போய்விடலாம். மிஞ்சலாம், போகலாம். பாதிக்குப் பாதி.

“அப்ப பேஸ்?” என்றேன்.

அவருக்குப் பேஸ் என்றால் என்னவென்று தெரியவில்லை. பியூலா விளக்கினாள். டாக்டர் எழுதினார்: ‘அந்தக் கருவி பேச்சுக்குச் செய்தது. இசைக்கு இல்லை.’

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆட்டோவில் பியூலா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 29, வியாழன்

‘கிடங்கு எண் ஏழு’ இன்று நான்கு முறை. டெல்ஃபின் ராஸ் எந்த ஊர்க்காரி, என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஒரு தட்டுதான். ஒரே ராத்திரி ஒரு கிடங்கில் நின்று வாசித்துவிட்டுப் போயிருக்கிறாள். நாற்பத்தேழு வருடம் கழித்து அயனாவரத்தில் பல் கட்டுகிற ஒருத்தனால் அவள் எந்த விரலால் எந்தக் கம்பியைத் தொட்டாள் என்று சொல்ல முடிகிறது. இதைவிடப் பெரிய அதிசயம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள்.

ஜூலை 2, ஞாயிறு

வேலூரில் படிக்கிற மகள் அக்சா நான்கு நாள் லீவில் வந்திருக்கிறாள். வந்ததும் என் போனைப் பிடுங்கி ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். எதிரில் யார் பேசினாலும் அது தமிழில் எழுதிக் காட்டுகிறது. சத்தம் வந்தால் என்ன சத்தம் என்றும் காட்டுகிறது. குக்கர் விசில் அடித்தால் ‘விசில்’. எங்கள் வீட்டில் விசில் அடிக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எனக்கு உடனே தோன்றியது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. தட்டை ஸ்பீக்கரில் போட்டு, போனை அதற்கு முன்னால் வைத்தேன். ‘இசை’ என்று வந்தது. பாட்டு முடிந்ததும் ‘கைதட்டல்’ என்று வந்தது. சரி, பக்தவத்சலம் சார் ஜெயித்தார்.

மூன்றாவது பாட்டு. டெல்ஃபின் நிறுத்தினாள். என் காதில் அதே மௌனம். போனைப் பார்த்தேன். ‘கைதட்டல்’. ‘கூச்சல்’. ‘கைதட்டல்’. அவள் அந்த ஒற்றைச் சுரத்தைப் போடும் வரை நிற்கவேயில்லை.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜனங்கள் அவள் வாசித்ததற்குக் கைதட்டவில்லை. வாசிக்காமல் விட்டதற்குக் கைதட்டியிருக்கிறார்கள். சரக்கு மூட்டை தூக்குகிற ஜனம், அதற்குத் தெரிந்திருக்கிறது! நான் கேட்ட உலகத்திலேயே பெரிய மௌனம் உண்மையில் அறுநூறு பேர் ஆர்ப்பரித்த இடம். இத்தனை நாள் நான் காலிக் கிடங்கில் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

“என்னப்பா, அழுறீங்க?” என்று போன் எழுதியது. அக்சா பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஜூலை 5, புதன்

அக்சா ஊருக்குப் போய்விட்டாள். மாலையில் லேபிலிருந்து வந்து எப்போதும் போல ஹெட்போன் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். பியூலாவும் எப்போதும் போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஆயும்போது அவள் உதடு அசையும். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். போன் என் தொடைமேல் கிடந்தது, அந்த எழுதுகிற சமாச்சாரத்தை நிறுத்த மறந்திருந்தேன். ஹெட்போனில் ஓடுகிற இசை அதற்குக் கேட்காது. அறையில் நடப்பது மட்டும் கேட்கும்.

எழுத்து ஓடியது. இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘கணக்கு டீச்சர் இன்னைக்கும் லீவு அவங்க கிளாசும் என் தலையில மதியம் தயிர் சாதம் புளிச்சுப் போச்சு பரவால்லன்னு சாப்பிட்டேன் அக்கா போன் பண்ணா அவ மருமக உண்டாயிருக்காளாம் உங்ககிட்ட சொல்லச் சொன்னா சொல்லிட்டேன்’

அவள் என்னைப் பார்க்கவில்லை. கீரையைப் பார்த்துத்தான் பேசினாள்.

ஜூலை 6, வியாழன்

இன்றும் போனை மறந்தேன்.

‘முட்டி வலி இன்னைக்குப் பரவால்ல மாடிப்படிதான் கஷ்டம் ஹெச்எம் ரூம் மாடியில வெச்சிருக்காங்க பாருங்க’

முட்டி வலி எத்தனை நாளாக?

ஜூலை 7, வெள்ளி

இன்று மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் போட்டு வைத்தேன். எழுதிவிட்டேன், போதும்.

‘நீங்க என்னைய முணுமுணுக்கிறேன்னு சொல்றீங்க கத்திப் பேசலாம் முடியாம இல்ல தண்ணி வந்துருச்சுன்னு கத்தலாம் சிலிண்டர்காரன் வந்துட்டான்னு கத்தலாம் தயிர் சாதம் புளிச்சுப் போச்சுங்கிறத எப்படிங்க கத்திச் சொல்றது கத்திச் சொன்னா சண்டை மாதிரி இருக்கு அதான் இப்படிச் சொல்லிக்கிறேன்’

அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள். பிறகு:

‘ஆபரேசன் வேணான்னா வேணாம் நான் இனிமே அந்தப் பேச்சு எடுக்க மாட்டேன் பேஸ் இல்லாம நீங்க எப்படி இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும் இப்படிப் பேச நான் பழகிட்டேன்’

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஹெட்போனில் தட்டு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 10, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் விலாசினியிடம் ஆபரேஷனுக்குச் சரி சொல்லிவிட்டு வந்தேன். லேபில் வருகிற போனை எடுக்க முடியவில்லை, வேலை கெடுகிறது. அதுதான் காரணம். பியூலாவிடமும் அதையே சொன்னேன்.

ஜூலை 23, ஞாயிறு

ஸ்கேன், ரத்தம், ஊசி. ஆகஸ்ட் 9 என்று நாள் குறித்துவிட்டார்கள். அதற்குள் எனக்குப் பிடித்த பத்து தட்டையும் முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். கூட்டத்தில் எல்லோரும் அவரவர் பொக்கிஷத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் இறக்குகிறார்கள். ‘இத ஒரு தடவ கேட்டுருங்க’, ‘அத விட்டுட்டுப் போயிராதீங்க’. நான் சாகப்போகிற மாதிரியே பேசுகிறார்கள். பக்தவத்சலம் சார் ஒருத்தர்தான் வெறுங்கையோடு வந்தார். “உங்க பட்டியல மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அப்புறம் நீங்க மாத்திச் சொன்னா நான் ஏத்துக்க மாட்டேன்” என்றார். அவரை எனக்குப் பிடிக்கும்.

எழுதிக் கொடுத்தேன். முதலிடம் ‘கிடங்கு எண் ஏழு’. மற்ற ஒன்பதும் பேஸ்காரர்களுக்கு மட்டும் புரியும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அட்டவணை என்ன ஆயிற்று என்றால், பத்தில் நான்குதான் கேட்டேன். பியூலாவின் அக்கா குடும்பம் பார்க்க வந்தது, லேபில் மூன்று அவசர செட், நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை. பகல் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பன்னிரண்டு மணிக்கு டெல்ஃபின் ராஸை ஹெட்போன் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டேன். பியூலா பை அடுக்கிக்கொண்டிருந்தவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறுத்துகிற இடம் வந்ததும் அவள் பக்கம் திரும்பி, “இங்க எல்லாரும் கைதட்டுறாங்களா?” என்றேன். ஆமாம் என்று தலையசைத்தாள். அந்த ஒற்றைச் சுரம் விழுந்தது. தரையிலிருந்து கால் வழியாக ஏறியது. இந்தச் சத்தத்தை ஒரு மனுஷி நாலு கம்பியில் செய்தாள் என்பதை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, சனி

கட்டு. தலைசுற்றல். வாய் கசக்கிறது. சத்தம் எதுவுமில்லை.

ஆகஸ்ட் 19, சனி

தையல் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பேஸைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி துடித்தது. அவ்வளவுதான். துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பாதிக்குப் பாதி என்றார்களே, அதில் எனக்கு இந்தப் பாதி வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

கருவியை மாட்டி முடுக்கினார்கள். முதலில் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி ஏதோ. பிறகு அது பேசியது. பியூலாவின் உதடு அசைவதோடு அது ஒத்துப்போனது. டப்பாவுக்குள் எலி மாட்டிக்கொண்டு கத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என் மனைவியின் குரல். “என்ன கேக்குது?” என்று அந்த எலி கேட்டது. கேட்டது! ‘கேக்குது’ என்பதில் க-வும் த-வும் தனித்தனியாக இருந்தன. நான் எலி என்று சொல்லவில்லை. நன்றாகக் கேட்கிறது என்றேன்.

செப்டம்பர் 21, வியாழன்

தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி. பியூலா வாயைப் பாடப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு வார்த்தை சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கடை, படை, தடை, சடை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைவிட நான் மோசமாம். இன்று நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

இசை போட்டுப் பார்த்தேன். கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம். அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

நான்கு மாதம் கழித்துக் கூட்டத்துக்குப் போனேன். போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். பியூலா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

என்னிடமிருந்து திரும்ப வாங்கிப்போயிருந்த டெல்ஃபின் ராஸைத்தான் யூசுஃப் கொண்டுவந்திருந்தான். கெட்ட எண்ணமில்லை, அவனுக்கு வேறு மாதிரி அன்பு காட்டத் தெரியாது. தட்டு ஓடியது. அதே பாத்திரங்கள் உருண்டன. பேஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தரையில் காலை ஊன்றிப் பார்த்தேன், கொஞ்சம் வந்தது. மூன்றாவது பாட்டா நான்காவதா என்றுகூடப் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று செருப்பு இருக்கிற பக்கம் பார்த்தேன்.

அப்போது பாத்திரச் சத்தம் நின்றது. அந்த இடத்தில் கைதட்டினார்கள்.

அது கைதட்டல்தான். தகரம் இல்லை, எலி இல்லை. உள்ளங்கையும் உள்ளங்கையும் அடித்துக்கொள்கிற சத்தம், அப்படியே. முன்னால் ஒருவன் மட்டும் வேகமாகத் தட்டுகிறான். பின்னால் கூட்டம் கூட்டமாக. யாரோ ஒரு பெண் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கிறாள். கிடங்கின் கடைசி வரை ஜனம் இருக்கிறது, கடைசிச் சுவர் எவ்வளவு தூரம் என்றுகூடத் தெரிந்தது. அறுநூறு பேரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு என் தலைக்குள் வந்துவிட்டார்கள். வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை. நான் அழுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

“உங்க இடத்தச் சொல்லுங்க” என்றார் பக்தவத்சலம் சார்.

“அந்தப் பொண்ணு விசில் அடிக்கிற இடம்” என்றேன்.

பேஸ்காரர்கள் யாரும் அதுவரை அந்த விசிலைக் கவனித்ததே இல்லையாம்.

நவம்பர் 5, ஞாயிறு

கூட்டத்தில் அழுதது வேறு, வீட்டில் கிதாரைப் பார்ப்பது வேறு. ஆகஸ்டிலிருந்து அதைத் தொடவில்லை. இன்று காலை தூசி தட்டலாம் என்று எடுத்தேன். எடுத்தால் மடியில் உட்கார்ந்துவிடுகிறது, என்ன செய்ய.

குழுவில் நிகழ்ச்சி தொடங்கும்போது நாங்கள் வாசிக்கிற மெட்டு ஒன்று உண்டு. அதற்குப் பேஸ் நான் போட்டது. இருபத்திரண்டு வருடம் வாசித்திருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் கை வாசிக்கும். ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வாசித்தேன். கருவியில் ஏதோ டொக் டொக் என்று வந்தது, எந்தச் சுரமும் வரவில்லை. கிதாரின் முதுகை விலாவோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். அங்கே கொஞ்சம் இருந்தது. கையை நம்பி, விலாவை நம்பி, கண் தெரியாதவன் தன் வீட்டில் நடக்கிற மாதிரி மெதுவாகப் போனேன்.

“அது அப்படி இல்லீங்க.”

நிறுத்தினேன். திரும்பவில்லை.

“நாலாவது தடவ மேல போக மாட்டீங்க. கீழ இறங்குவீங்க.”

பியூலா அடுப்படியில் இருந்தாள். இடையில் ஒரு சுவர். என் முதுகு அந்தப் பக்கம். உதடு இல்லை, போன் இல்லை, புத்தகம் இல்லை. அத்தனை வார்த்தையும் வந்து சேர்ந்துவிட்டது.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

“இருபத்திரெண்டு வருஷமா இந்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே சமைக்கிறேன்.”

அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நாலாவது சுற்றில் கீழே இறங்கினேன். விலாவில் சரியாக இருந்ததா தவறாக இருந்ததா என்று தெரியவில்லை. கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ம். இப்ப சரி” என்றாள்.